நான் வெட்டிய ஒன்பது வினாடி

ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வருகிற நீங்கள் என்னைப் பார்த்ததும் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறீர்கள். எந்த மைக் நல்லது, எந்த மென்பொருள் நல்லது. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது புழங்குகிற சாதனங்களின் பெயர்கூட என் வாயில் நுழையாது. ஆகையால் அதை உங்கள் வயதுக்காரர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தவறுகளைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்வேன். வயதான பாடகர் ஒருவர் உருகி உருகிப் பாடி முடித்த பிறகு, நான் பதிவுப் பொத்தானை அழுத்தவே இல்லை என்று கண்டுபிடித்த நாள் உண்டு. அவர் முகத்தைப் பார்த்து, "சாரே, இன்னும் கொஞ்சம் பாவம் வேணும், ஒரு தடவை கூடப் பாடுங்க" என்று கூசாமல் சொன்னேன். இரண்டாம் முறை முதல் முறையைவிட நன்றாகவே பாடினார். அவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்றை மட்டும் இன்றுவரை சிரிக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன், எனக்குத் தொழில் பழக்கியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவருக்கு விளம்பரம் பிடிக்காது. பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பக்திப் பாட்டு, கடை விளம்பரம், தேர்தல் பாட்டு என்று எது வந்தாலும் பதிவு செய்வோம். ஒரு தேர்தல் சமயத்தில் பாட வந்தவர் உற்சாக மிகுதியில் எதிர் வேட்பாளரின் குடும்பத்தை இழுத்து ஒரு வரி சேர்த்துப் பாடிவிட்டார். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்கள் போனதும் என் முதலாளி அந்த வரியை வெட்டி, அந்த இடத்தில் செண்டை முழக்கத்தை வைத்து ஒட்டிவிட்டார். பாட்டு ஜீப்பில் கட்டி ஊரெல்லாம் சுற்றியது. வரி போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த வரி ஜீப்பில் ஒலித்திருந்தால் கவனித்திருப்பார்கள், மண்டை உடைந்திருக்கும்.

"சந்தேகம் வந்தா வெட்டிடு டே. வெட்டின எடத்துக்காக எவனும் கேஸ் போட மாட்டான்" என்றார்.

அன்று அது சரி. நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் பிறகு ஸ்டூடியோ என் கைக்கு வந்தபோது அந்த வாக்கும் கூடவே வந்தது. கட்சிக்காரர்களும் அரசு அறிவிப்புகள் பதிவு செய்ய வருகிறவர்களும் "அவர்கிட்ட கொடுத்தா வம்பு வராது" என்று என்னைத் தேடி வந்தார்கள். அதை ஒரு பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன்.

என் ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பு, ஒரு பெண்ணும் ஒரு பையனும் படியேறி வந்தார்கள். இரண்டு பேருக்கும் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். பெண் பெயர் ராஜி. பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறவர். பையன் ஜெபின், பாறசாலைக்காரன், நகரத்துக் கல்லூரியில் ராஜியோடு படித்தவன். இருவரும் சேர்ந்து ராப் பாடுகிறார்கள், முதல் ஆல்பம் செய்ய வேண்டும் என்றார்கள்.

"குழுவுக்குப் பேரு உண்டா?" என்று கேட்டேன்.

"கொண்டை ஊசி" என்றாள் ராஜி.

"ஃபேன்ஸி கடையா வைக்கப் போறீங்க?"

"பொன்முடி ரோட்டுல இருபத்திரெண்டு கொண்டை ஊசி வளைவு இருக்கு சார். ஒவ்வொண்ணுலயும் வாந்தி எடுத்துத்தான் நாங்க படிக்க வந்தோம்."

பெண்ணுக்கு வாய் நீளம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் ராப் என்பதை அதுவரை நான் பாட்டாகவே மதித்ததில்லை. மூச்சுவிடாமல் ஏசுவதற்கு எதற்குத் தாளம் என்று கேலி பேசியவன். ஆனால் அந்தப் பெண் மைக் முன்னால் நின்று முதல் பாட்டைப் பாடியபோது என் கை தானாகவே ஒலியைக் கூட்டியது. பாதி தமிழ், பாதி மலையாளம், நடுவில் தோட்டத்துப் பேச்சு. யாருக்கும் விளக்கம் சொல்ல நிற்காமல் ஓடுகிற பாட்டு. ஜெபின் போட்ட தாளத்தில் கொழுந்து வெட்டுகிற கத்தரியின் சத்தம் இருந்தது.

ஆல்பத்துக்கு 'பெரட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடுவதற்குப் பெயர் பெரட்டு. பெயர் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. கூப்பிடாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எட்டுப் பாட்டு. அதில் ஒரு பாட்டை மட்டும் ஆல்பத்துக்கு முன்னாலேயே தனியாக வெளியிடுவது என்று முடிவு. அது லயங்களைப் பற்றியது. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை என்றால், இறங்கிவிட வேண்டும். பாட்டின் முடிவில் தாளம் நின்றதும் ராஜியின் அம்மா பேசுவதாக ஒரு துண்டு வரும். மழைக் காலத்தில் வீட்டில் உட்கார வைத்து ராஜி தன் போனில் பதிவு செய்தது.

அந்தப் பேச்சு இப்படித் தொடங்கியது:

"நான் மாரியம்மா. ரெண்டாம் லயம், ஆறாம் நம்பர் வீடு. இருவத்தெட்டு வருசமா கொழுந்து எடுக்கேன்."

இது ஒன்பது வினாடி. அதன் பிறகு விஷயத்துக்கு வந்தார். யார் வீடு என்று சொல்லாமல், சமையல்கட்டுச் சுவர் மழையில் விழுந்ததையும், அதற்கு முன்பே மூன்று தடவை ஆபீசில் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை என்பதையும், அங்கே தூங்க வேண்டிய குழந்தை அன்று வேறு வீட்டில் இருந்ததால் பிழைத்ததையும் சொன்னார். அழவில்லை, சத்தம் போடவில்லை. ரேஷன் கடையில் சீட்டை நீட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. வேலையில் இருக்கிற பெண். இன்னும் இரண்டு வருடம் பாக்கி என்று ராஜி சொல்லியிருந்தாள். பெயர், லயம், கதவு எண் எல்லாம் சொல்லி நிர்வாகத்தைக் குறை சொன்னால் சும்மா விடுவார்களா? பாவம், இந்தப் பிள்ளைகளுக்கு உலகம் தெரியாது என்று நினைத்தேன். கடைசி மிக்ஸிங் செய்த அன்று அவர்கள் இரண்டு பேரும் இல்லை. அந்த ஒன்பது வினாடியை வெட்டினேன். போதாததற்குக் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, பழைய வானொலியில் வருகிற மாதிரி கரகரப்பும் சேர்த்தேன். குற்றச்சாட்டு இருக்கும், ஆள் யாரென்று தெரியாது. என் முதலாளி பார்த்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார் என்று எனக்குள் பெருமை வேறு. ராஜிக்குக் கோப்பை அனுப்பினேன். "ஓகே சார்" என்று பதில் வந்தது. பாட்டு வெளியானது.

நன்றாகவே ஓடியது. மாணவர்கள் கூட்டங்களில் போட்டார்கள். கடைசியில் வருகிற அந்தப் பேச்சுத் துண்டை மட்டும் வெட்டி வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டார்கள். அது எங்கெங்கோ சுற்றி மலைக்கும் ஏறியது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். நானும் ஜெபினும் எட்டாவது பாட்டில் மூழ்கியிருந்தோம். கதவைத் திறந்துகொண்டு ராஜி வந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு அம்மாள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது. தம்பானூரில் பஸ் இறங்கி அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான் என் பேச்ச வெட்டுனவங்களா?"

எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்கம்மா."

"உக்கார வரல சார். சாந்திய நாலு நாளா பெரட்டுல பேர் கூப்பிடல."

சாந்தி யார் என்று எனக்குத் தெரியவில்லை. மாரியம்மாள்தான் சொன்னார். சுவர் விழுந்த வீட்டுக்காரி. புருஷன் இல்லை, கையில் ஒரு குழந்தை, வேலை நிரந்தரம் ஆகவில்லை. நாளைக்கு வராதே என்று ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம். அதனால் அவள் வாய் திறக்க முடியாது. மாரியம்மாள் நிரந்தரத் தொழிலாளி. அவ்வளவு எளிதில் கைவைக்க முடியாது என்பதால் அவளுக்காக இவர் பேசினார்.

"அதுக்காகத்தானே முதல்லயே எம் பேரச் சொன்னேன். வீட்டு நம்பரும் சொன்னேன். வந்தா எங்கிட்ட வரட்டும்னுதானே சொன்னேன். நீங்க அத மட்டும் எடுத்துட்டீங்க. இப்பக் கேக்கறவன் என்ன நெனப்பான்? செவுரு விழுந்தது சாந்தி வீட்டுல. அப்ப பேசினதும் சாந்திதான்னு நெனச்சுட்டான்."

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல நின்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். பிள்ளையாரோ ஐம்பதடி தூரத்தில் இருந்தார்.

"நான்தான் பேசினேன்னு ஆபீஸ்ல போய்ச் சொன்னேன் சார். நம்ப மாட்டேங்கான். அவளக் காப்பாத்த பொய் சொல்றேங்கான். குரலக் கேட்டாலும் எங்குரல் மாதிரி இல்ல."

அதுவும் என் கைவேலை. "உங்க வீட்டுக்கு ஆபத்து வரக் கூடாதுன்னுதாம்மா..." என்று இழுத்தேன்.

"என் வீட்டப் பத்தி எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசத்துல எப்படியும் எறங்கணும். எம்மவளா வந்து கொழுந்து எடுக்கப் போறா? அவ பாட்டுல்லா எடுக்கா. சாந்திக்கு இன்னும் இருவது வருசம் கெடக்கு சார். பேரில்லாம பேசினா அது மொட்டக் கடுதாசி. எழுதுனவன் தப்பிச்சுக்குவான். அடி வாங்குறது வேற ஒருத்தன்."

ஜெபின் ராஜியைப் பார்த்துத் திரும்பினான். "பைனல் உனக்கல்லே வந்தது? நீ கேக்கலியா?"

ராஜி சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "கேட்டேன்."

"பின்னே?"

"பேரு இல்லைன்னு தெரிஞ்சுது. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"ஸ்டேஜ்ல ஏறி நின்னு பயப்படாதே பயப்படாதேன்னு பாடுறோம். எனக்க அம்மையா இருந்தா..."

"உனக்க அம்மையா இருந்தா நீயும் விட்டிருப்ப" என்றார் மாரியம்மாள். "அவள ஏசாத தம்பி. இப்ப என்ன செய்யணும்னு பாரு."

ஜெபின் உடனே கணினியைத் திறந்தான். "பாட்ட எடுத்துடறேன் சாரே. இப்பவே டிலீட் பண்ணிடலாம்."

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். எடுத்துவிட்டால் பிரச்சினை ஓய்ந்துவிடும். இன்னொரு வெட்டு, அவ்வளவுதானே. 'செய்' என்று சொல்ல வாயெடுத்தவன், அந்த அம்மாள் அங்கேயே நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அந்தப் பாட்டில் என் வாழ்க்கை ஒரு துளிகூட இல்லை. இருந்தும் இரண்டு வாரத்துக்கு முன் நானே முடிவெடுத்தேன், இப்போதும் நானே எடுக்கப் பார்க்கிறேன்.

"நீங்க சொல்லுங்கம்மா. எடுத்துடலாமா?" என்றேன். ஒன்பது வினாடியை வெட்டும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எடுத்தா, சாந்தி மாட்டிக்கிட்டா, அதான் பயந்துட்டாம்பான். சாந்திய இன்னும் நாலு நாள் நிறுத்துவான்."

என்னிடம் ஒரே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எதை வெட்டினாலும் மூலத்தை அழிக்க மாட்டேன். ராஜி போனில் எடுத்த பதிவு அப்படியே பத்திரமாக இருந்தது. அதைத் தேடி எடுத்து, கரகரப்பு எதுவும் இல்லாமல் போட்டேன். மாரியம்மாள் தன் குரலைத் தலை சாய்த்துக் கேட்டார். முழுசாகச் சேர்த்து வெளியிட்டுவிடலாம், கால் மணி நேர வேலை என்றேன். அவர் யோசித்தார்.

"இது போதாது சார். முன்னால வந்ததக் கேட்டவன் இது வேற, அது வேறன்னு சொல்லுவான். முன்னால வந்ததும் எம் பேச்சுதான்னு நான் இப்பச் சொல்லணும்."

உள்ளே அழைத்துப்போய் மைக் முன்னால் நிறுத்தினேன். ஹெட்போன் வேண்டாம் என்றார். கதவைச் சாத்துவதற்கு முன் கேட்டேன். "வீட்டுக்கு என்ன ஆகும்னு யோசிச்சாச்சா? மெமோ வரலாம். வேற எடத்துக்கு மாத்தலாம். எறங்கற நேரத்துல கஷ்டப்படுத்தலாம்."

"யோசிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன்."

பெரட்டில் நிற்கிற மாதிரி கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றார். பேர், லயம், வீட்டு நம்பர், எத்தனை வருட வேலை, எல்லாம் சொன்னார். "இதுக்கு முந்தி வந்த பேச்சும் என்னோடதுதான். சாந்தி பேசல. சாந்தி வீட்டுச் செவுருதான் விழுந்துச்சு, அவ வாயத் தொறக்கல. கேக்கணும்னா எங்கிட்டக் கேளுங்க." அவ்வளவுதான். எனக்குப் பழக்கதோஷம், கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து மைக்கில், "அம்மா, இன்னொரு டேக் எடுத்துக்கலாமா?" என்றேன்.

"எதுக்கு? நான் சொன்னதுல எது தப்பு?"

ராஜி என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் பதிவை நிறுத்தினேன். முழுவதையும் அவருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினேன். சரி என்றார். பேசியவர் கேட்டுச் சரி சொல்லாமல் அதன் பிறகு எதையும் நான் ஸ்டூடியோவை விட்டு வெளியே அனுப்பியதில்லை. இதை எழுதுவதற்கும் அவரிடம் கேட்டேன். பெயரைப் போடாமல் எழுதினால் வந்து சண்டை போடுவேன் என்றார்.

அன்று மத்தியானமே புதிய பதிவு ஏறியது. அதே வாட்ஸாப் கூட்டம் அதையும் சுற்றவிட்டது. மூன்றாம் நாள் பெரட்டில் சாந்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மழை ஓய்ந்ததும் அவள் வீட்டுச் சுவரைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த ஒரு சுவரை மட்டும். மாரியம்மாளை ஆபீசுக்குக் கூப்பிட்டு மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதவில்லை. செங்குத்தான மேல்மலைக்கு மாற்றினார்கள். முழங்கால் வலியோடு இரண்டு வருடம் ஏறி இறங்கினார். மற்றவர்களுக்கு ஓய்வு பெற்ற பின் வீட்டைக் காலி செய்யச் சில மாதம் கொடுப்பது வழக்கம். அவருக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. இப்போது விதுரையில் ஒரு வாடகை அறையில் ராஜியோடு இருக்கிறார். போய்ப் பார்த்தேன். வருத்தமா என்று கேட்டேன். "இருக்காதா சார், இருவத்தெட்டு வருசம், பெறவு இன்னும் ரெண்டு வருசம் இருந்த வீடுல்லா" என்றார். செய்தது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இத்தனை நேரம் அதைச் சொல்லாமலே தப்பித்துவிடப் பார்த்தேன். அன்று புதிய பதிவை ஏற்றுவதற்காக ஜெபின் விவரங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். மாரியம்மாள் ஒருவழியாக நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜெபின் ஒன்றும் நினைக்காமல் கேட்டான். "சாரே, மிக்ஸிங்னு உங்க பேரு இதிலயும் வேண்டாம் அல்லே?"

பாட்டு முதலில் வெளியானபோதே என் பெயரைப் போடாதே என்று அவனிடம் தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். அரசு வேலை வருகிற ஸ்டூடியோ, கட்சிக்காரர்கள் வருகிற இடம், எதற்கு வம்பு. மாரியம்மாள் டம்ளரைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இவருக்கு என்ன பயம் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார்.

"போடு" என்றேன். இனிஷியலோடு முழுப் பெயரும் போடச் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு மாதம், போன் அடிக்கும்போதெல்லாம் யாருடைய எண் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். கட்சி ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள், அரசு வேலை நின்றுபோகும், யாராவது வந்து மிரட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு வேலையும் நிற்கவில்லை. பேர் சொன்னதற்கு மாரியம்மாள் முழங்கால் வலியோடு மேல்மலை ஏறினார். பேர் போட்ட எனக்கு மிரட்டி ஒரு போன்கூட வரவில்லை. நாற்பது வருடம் நான் எதற்குத்தான் பயந்து வெட்டிக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.